நம் பாட்டை நாமே பதிவோம்!

இயல், இசை, கூத்து எனத் தம் மொழியையே முத்திறப்படுத்தி வழங்கியவர் தமிழர் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். பேசிய வாய் மூடுமுன், அவ்விசைத்தமிழ் இன்று எவர் கையில் உள்ளது என்று ஒருகாலேனும் எண்ணிப் பார்த்தோமா? அதன் ஒரு பாதியை இசையரங்குகட்கு விட்டுவிட்டோம். மறுபாதியைத் திரைப்படத்தார்க்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இவ்விரண்டிற்கும் அப்பால், வயலிலும் கடலிலும் களத்துமேட்டிலும் பிறந்து, ஏட்டிலும் ஏறாமல், அரங்கிலும் ஏறாமல், பாடினவர் வாயோடே மாய்ந்துகொண்டிருக்கும் பாட்டு ஒன்று உண்டு. அதுவே இசைத்தமிழின் வேர். வேர் காய்ந்துகொண்டிருக்கக் கிளைக்கு நீர் தெளிப்பதால் பயன் என்னை?

இக்கட்டுரையிற் சொல்ல வந்தது ஒன்றே. பாட்டைத் தானே இயற்றி, தன் குரலில், ஒரே ஓர் இசைக்கருவியின் துணையோடு, எவர் ஒப்புதலையும் எதிர்பாராது, தானே ஒலிப்பதிவு செய்து வெளியிடும் தனிப்பாடகன், இற்றைநாளில் தமிழியக்கத்திற்கு நூறு மேடைச் சொற்பொழிவாளரினும் தேவையானவன். அவனை நாம் தேடவேண்டும், கிடைத்தால் தாங்கவேண்டும், கிடையாவிடின் உருவாக்கவேண்டும். இதற்கு முதற்களமாகக் கடலூரும் தில்லையும் அமைதல் எல்லா வகையாலும் பொருந்தும். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

1982-ஆம் ஆண்டுச் சனவரித் திங்களில், அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில், கோல்ட்சு நெக் என்னும் ஊரில், வாடகை வீடொன்றின் அறையில் அமர்ந்து புரூசு சுபிரிங்சுடீன் என்னும் பாடகர் தாம் இயற்றிய பாடல்களைப் பாடிப் பதிந்தார். அவர் அதற்கு முன்பே பெரும்புகழ் பெற்றவர். பெரிய இசைக்குழு உடையவர். உயர்விலைப் பதிவுக்கூடங்கள் அவர்க்காகக் காத்துக் கிடந்தன. எனினும் அன்று அவரிடம் இருந்தவை, கித்தார் என்னும் நரம்புக் கருவி, வாயால் ஊதும் சிறு கருவி, இரண்டு ஒலிவாங்கிகள், நான்கு தடங்களில் பதியவல்ல ஒலிநாடாப் பெட்டி, உதவிக்கு ஓராள் போன்ற எளியவையே.

அப்பதிவைக் குழுவினர்க்குக் கற்பிப்பதற்குரிய வரைவு என்றே அவர் கருதினார். பின்னர்க் குழுவோடு பெரிய கூடத்தில் அப்பாடல்களைப் பாடிப் பார்த்தார். கருவிகள் பெருகின, ஒலி பெருகியது, பாட்டின் உயிர் குன்றியது. முடிவில், உறையுமின்றிச் சட்டைப்பையிற் போட்டுத் திரிந்த அந்த எளிய ஒலிநாடாவையே மூலமாகக் கொண்டு, பத்துப் பாடல்கள் அடங்கிய ‘நெபுராசுகா’ என்னும் தொகுப்பு, அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெளிவந்தது. நாற்பதாண்டுகட்குப் பின்னும் அது மதிக்கப்படுகின்றது.

அத்தொகுப்பு எதைப் பாடியது? உந்துவண்டித் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்து குற்றத்தில் இறங்கிய தொழிலாளியைப் பாடியது. கடனிற் சிக்கியவனைப் பாடியது. கொலைஞன் ஒருவனின் வாய்மொழியாகவே ஒரு நாட்டின் உள்நோயைக் காட்டியது. அத்தகைய செய்திக்கு ஆரவாரம் பொருந்தாது. தனிக்குரலே பொருந்தும் என்பதை அப்பாடகர் உணர்ந்தார். அவர்க்கும் முன்னே, 1930-களில் புழுதிப்புயலாலும் வறட்சியாலும் நிலமிழந்து ஊர்விட்டு ஊர் சென்ற உழவரின் துன்பத்தைத் தனியொருவராய்க் கித்தாரை மீட்டிப் பாடிய உட்டி கத்ரி என்பாரும் அந்நாட்டில் வாழ்ந்தார். 1940-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுகள் அவ்வழியைத் திறந்து வைத்தன.

‘தமிழியக்க ஏட்டில் அமெரிக்கப் பாடகனுக்கு என்ன வேலை?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவர் பண்ணை நாம் கடன் வாங்கப் புகவில்லை. அவர் மொழியும் நமக்கு வேண்டா. பெருஞ்செல்வமும் பெருங்கருவியும் கைக்கெட்டும் நிலையில் இருந்தும், அவற்றை ஒதுக்கி எளிமையைத் தேர்ந்தார் ஒருவர். அதனால் அவர் பாட்டு மெலியவில்லை, வலுப்பெற்றது. இம்மெய்ம்மையை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். செல்வமும் கருவியும் இல்லாமையால்தான் நம்மால் இயலவில்லை என்று நாம் கூறும் சாக்கினை அஃது உடைத்தெறிகின்றது.

பாணன் நடந்த வழி

உண்மையில் இது நமக்குப் புதிய வழியும் அன்று. கையில் யாழும் நெஞ்சில் பாட்டுமாக ஊர் ஊராய் நடந்த பாணர் மரபு நம்முடையது. ஆற்றுப்படை நூல்கள் அவர்தம் வறுமையையும் பெருமையையும் ஒருங்கே காட்டுகின்றன. தொல்காப்பியம் செய்யுளியலிற் பண்ணத்தி என்றொரு வகையைப் பேசுகின்றது. எழுதும் பயிற்சியில்லாதார் பாடும் பாட்டினை உரையாசிரியர் அதனுள் அடக்குவர். இளங்கோவடிகள் செம்பாதி அரண்மனையைப் பாடினாரேனும், நெய்தல் மாந்தரின் கானல்வரியையும், வேட்டுவரின் வரிக்கூத்தையும், ஆய்ச்சியர் குரவையையும், குன்றவர் குரவையையும் தம் காப்பியத்தின் நெஞ்சுப் பகுதியில் வைத்தார். உலக்கைப் பாட்டாகிய வள்ளையும், ஊசலும், அம்மானையும் சேரன் தலைநகரில் ஒலித்ததாகவே முடித்தார்.

தில்லைக்கு வருவோம். மணிவாசகர் அருளிய திருவாசகத்துள் பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்பன தில்லையில் அருளப்பெற்றன என்பது மரபு. இவை யாவை? பெண்கள் சுண்ணம் இடித்தும், பூக் கொய்தும், ஊசலாடியும், எதிரெதிர் நின்று வினாவியும் விடுத்தும் விளையாடிய போது பாடிய நாட்டார் வடிவங்கள். அரசவை அமைச்சராயிருந்தவர் என்று போற்றப்பெறும் அப்பெருமகனார், உயர்ந்த மெய்யியலைச் சொல்ல ஊர்ப்பெண்டிரின் பாட்டு வடிவத்தைத் தேடிச் சென்றார். அவ்வடிவத்தைத் தாழ்ந்ததென்று அவர் எண்ணவில்லை. நாம் எண்ணுகின்றோம். அங்கேதான் கோளாறு தொடங்குகின்றது.

1941 செய்ததும் செய்யாததும்

தமிழகத்து இசையரங்குகளில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்சித் தமிழ்ப்பாட்டு கடைசியிற் பாடும் உதிரியாய்க் கிடந்த காலத்தில், தில்லையிலிருந்துதான் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அரசர் அண்ணாமலையார் 1929-இல் தில்லையில் இசைக்கல்லூரி கண்டார். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தா பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய சீகாழி மூவரின் பாடல்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன. யாழ்நூல் கண்ட விபுலானந்த அடிகளே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர். இவ்வரும்பணிகட்குத் தமிழினம் என்றும் கடப்பாடுடையது.

எனினும் அவ்வியக்கம் மேடையின் மொழியை மாற்றியதே அன்றி, மேடையை மாற்றவில்லை. அரங்கு அதுவே, அமர்வோரும் அவரே, பாடுவோரும் பெரும்பாலும் அவ்வகுப்பினரே. தமிழ்ப்பாட்டு உள்ளே சென்றது; தமிழ் பாடிய உழத்தி வெளியே நின்றாள். பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு வெளியே, கொள்ளிடக்கரை வயல்களில் நாற்று நட்ட பெண்டிரின் குரவை, இசைத்தமிழ் என்னும் கணக்கில் வரவில்லை.

யார் எங்கே பாடலாம் என்னும் வினாவும் தில்லைக்குப் பழையது. உள்ளே புக ஏங்கிய நந்தனாரின் கதை இவ்வூரைச் சார்ந்ததே. நம் காலத்தில், குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி, நடவரசர் கோயிற் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட முயன்று தடுக்கப்பட்டார். அரசாணை பிறந்து, காவல்துறையின் துணையோடு, 2008 மார்ச்சு 2-ஆம் நாள்தான் அம்முதியவரின் குரல் அங்கு ஒலித்தது. பின்னணி இல்லை, பெரிய கருவி இல்லை, ஒரு முதியவரின் ஒற்றைக் குரல். அதைக் கேட்க விடாமல் தடுப்பதற்கு எத்துணை முயற்சி! ஒற்றைக் குரலுக்கு ஆற்றல் இல்லையென்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க.

அச்சில் ஏறியது சொல், ஏறாதது பண்

நாட்டார் பாடல்களை எவரும் தொகுக்கவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 1871-இலேயே சார்லசு கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் என்னும் வெள்ளை அலுவலர் திரட்டிவைத்தவற்றைக் கி.வா. சகநாதன் ‘மலையருவி’ எனப் 1958-இல் பதிப்பித்தார். பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தந்தார். இந்நூல்கள் இல்லையேல் நம் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும்.

ஆனால் அச்சுநூலில் ஏறியது பாட்டின் சொல் மட்டுமே. எங்கே குரல் ஏறும், எங்கே இழையும், எங்கே மூச்சு வாங்கும், ஏற்றமிறைப்பவன் சால் மேலெழும்போது எச்சொல்லை நீட்டுவான், வலையிழுப்பவர் எவ்வடியில் ஒருங்கே தோளைக் கொடுப்பர் என்பவை எழுத்தில் அடங்கா. தாலாட்டின் சொற்கள் நூலில் இருக்கின்றன. ஆயினும் அந்நூலைக் கையிலேந்திய இளந்தாயால் தன் குழந்தையை உறங்க வைக்க இயலவில்லை. ஏட்டிலுள்ள தாலாட்டு எலும்புக்கூடு. பண்ணே அதன் குருதி. அக்குருதியைக் காக்க ஒலிப்பதிவு ஒன்றே வழி.

பாட்டுப் பிறந்த தொழில்களும் மறைந்து வருகின்றன. நீரேற்றப் பொறி வந்ததும் ஏற்றப்பாட்டு நின்றது. நடவு எந்திரம் வந்த வயலில் நடவுப்பாட்டுக்கு இடமில்லை. விசைப்படகும் எந்திரச் சுருளும் வந்தபின் அம்பாப்பாட்டுக் கேட்பது அரிதாயிற்று. எந்திரம் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. முதுகொடிய உழைத்தவர்க்கு அதனால் நேர்ந்த தளர்வு நீக்கம் வரவேற்கத்தக்கதே. தொழில் மாறலாம், தொழிலோடு பாட்டும் புதையுண்டு போகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அப்பாட்டை அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உளர். பத்தாண்டு கழித்து இச்சொற்றொடரை எழுத இயலாது.

பாட்டு யாருடையது?

ஒலிநாடாக் காலத்தில் ஒரு கதவு திறந்தது. சிவகங்கைப் பகுதியின் எளிய குடியிற் பிறந்து பேராசிரியராய் உயர்ந்த கே.ஏ. குணசேகரன் (1955-2016), ‘தன்னானே’ கலைக்குழு வாயிலாகவும் ஒலிநாடாக்கள் வாயிலாகவும் நாட்டார் பண்களை ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்குரலாக மாற்றினார். பாவலர் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ அவர் குரலிற் சிற்றூர்தோறும் சென்றது. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் அவர் நிகழ்கலை பயிற்றினார். பதிவுக்கூடத்தின் பளபளப்பு அப்பாட்டிற்குத் தேவைப்படவில்லை. பறையும் குரலும் போதுமாயிருந்தன.

மற்றொருபுறம் திரைப்படம் நாட்டார் பாட்டைத் தன்பக்கம் இழுத்தது. வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்துப் பாடியதால் நாடறிந்தவரானார். அவர் பெயர் நிலைத்தது. ஆனால் எத்தனை எத்தனை ஊர்ப்பாட்டுகள் பாடியவர் பெயருமின்றி, ஊர்ப்பெயருமின்றி, திரையில் பிறர் பெயரால் உலவுகின்றன! 2021-இல் வெளிவந்து, நிலமற்ற உழைப்பாளரின் ஒப்பாரியையும் முன்னோர் நினைவையும் தாங்கிப் பல கோடி முறை கேட்கப்பட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை எடுத்துக்கொள்க. அதன் ஆக்கத்தில் எவர்க்கு எத்துணைப் பங்கு என்று மறு ஆண்டே வெளிப்படையாய்ப் பூசல் எழுந்தது. 2024-இல் அதன் இசையமைப்பாளரே தமக்கு அப்பாட்டால் ஒரு காசும் வரவில்லை என்று அறிவித்தார். புகழ்பெற்றார்க்கே இந்நிலையென்றால் ஊர்ப்பாடகியின் நிலை என்னாகும்?

இங்கே சட்டத்தைச் சற்றே அறிதல் நலம். இந்நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டின் சொல்லுக்கு உரிமையாளர் பாட்டெழுதியவர். அவ்வுரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவின் உரிமையாளரோ, அப்பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்தவர். அவ்வுரிமை வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு. ஆகவே பிறன் கூடத்தில் பிறன் செலவிற் பாடினால், ஒலிப்பதிவு பிறனுடையதாகிவிடுகின்றது. தானே எழுதித் தானே பாடித் தானே பதிந்தால் மூவுரிமையும் ஒருவனிடமே நிற்கும். பண்டு தொட்டு வழங்கும் ஊர்ப்பாட்டிற்கோ தனி உரிமையாளர் எவருமிலர். முதலில் பதிந்து வெளியிடுபவனே வரும்படி காண்பான். அப்பதிவை ஊரார் தாமே செய்துகொண்டால், பிறன் வந்து அள்ளிப்போதற்கு வாயில் குறுகும். எனவே, தற்பதிவு என்பது வெறும் கலைவிருப்பம் அன்று, உடைமைக் காப்பு, உரிமைக் காப்பு.

தூய்மை பற்றிய வினா

இனி, நம் இயக்கத்தார்க்கே உரிய வினாவுக்கு வருவோம். ‘நாட்டார் பாடல்களில் வடசொல்லும் உருதுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் விரவிக் கிடக்கின்றனவே, கொச்சையும் மலிந்துள்ளதே, இவற்றைத் தனித்தமிழ் இயக்கம் தலைமேல் தூக்கலாமா?’ என்று கேட்போர் உளர். ‘மனுசங்கடா’ என்பதிலுள்ள ‘மனுசன்’ என்னும் சொல்லையே கண்டு முகஞ்சுளிப்போரும் உளர். இவ்வினாவை ஒதுக்கித் தள்ளுதல் நேர்மையன்று. விடை மூவகைப்படும்.

முதலாவது, வழிவழி வந்த பழம்பாட்டைப் பதியும்போது ஒரு சொல்லையும் மாற்றலாகாது. பாட்டி பாடியது பாடியபடியே பதியப்பெறல் வேண்டும். அது சான்று, சான்றைத் திருத்துவது குற்றம். கல்வெட்டில் வடசொல் இருக்கின்றதென்று உளியால் அதைச் செதுக்கியெடுப்பவனை நாம் தமிழ்ப்பற்றாளன் என்போமா? மேலும், ‘நாங்களும் மாந்தர்தாம்’ என்று நெஞ்சு வெடிக்கக் கூவுகின்றவனை இடைமறித்து, அவன் சொல்லின் பிறப்பை உசாவிக்கொண்டிருப்பது மாந்தத்தன்மை ஆகாது. அவன் துயர் முதலில். அவன் சொல் பின்னர்.

இரண்டாவது, கொச்சை வேறு, கலப்பு வேறு. ‘வந்தாங்க’, ‘கேக்குறேன்’, ‘ஆத்தோரம்’ என்பவை தமிழின் பேச்சுத் திரிபுகள். அயன்மொழியின் ஊடுருவல் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் நம்மவருள் சிலர் உழவன் வாய்ச்சொல்லையே தீட்டெனக் கண்டனர். மொழிஞாயிறு பாவாணர் அவ்வாறு செய்தாரல்லர். நூல்வழக்கோடு உலகவழக்கையும் ஒப்ப மதித்துச் சொல்லாராய்ந்தவர் அவர். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, நெட்டிக்கும் மிளகாய்ச்செடிக்கும் கோல், கரும்புக்குக் கழி, புளிக்கும் வேம்புக்கும் அடி என ஒன்றற்கொன்று வேறுபடுத்திச் சொல்லும் சொல்வளம் எவர் வாயில் வாழ்ந்தது? உழவர் வாயிலன்றோ? வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்குவோர் எவர்? கடலோடிகளன்றோ? பட்டணத்துப் படித்தவன் ‘காற்று’ என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிட்டான். நாட்டார் பாட்டைத் தள்ளுகின்றவன் தூய தமிழின் களஞ்சியத்தையே தள்ளுகின்றான்.

மூன்றாவது, புதிதாக இயற்றும் பாட்டு. இங்கேதான் நம் கொள்கைக்கு முழு வேலை உண்டு. இன்று பாட்டெழுதப் புகும் இளைஞன், ஆங்கிலச் சொல்லை ஒட்டுப்போட்டால்தான் கேட்பார் கேட்பர் என்னும் மயக்கத்தை விடவேண்டும். தன் ஊர்ப்பேச்சில், நல்ல தமிழில் எழுதட்டும். ஆனால் நாமும் ஒன்றை உணர்தல் வேண்டும். பாட்டு என்பது சொற்பட்டியலன்று. அகரமுதலியிலிருந்து அருஞ்சொற்களைப் பொறுக்கி அடுக்கி, நாவில் நில்லாத அடிகளாக்கி, அதனைத் தனித்தமிழ்ப் பாட்டென்று மேடையேற்றுவது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. தனித்தமிழ் இனிக்கும் என்பதைக் கட்டுரையால் மெய்ப்பிக்க இயலாது. ஒருவன் அதைப் பாடிக் காட்டவேண்டும். நாற்று முடிச்சைத் தூக்கிச் செல்பவள் தன்னையறியாமல் முணுமுணுக்கும் பாட்டொன்று தூய தமிழில் பிறக்குமாயின், அது நம் நூறு தீர்மானங்களை விஞ்சி நிற்கும்.

பாடக் காத்திருக்கும் செய்திகள்

‘பாட என்ன இருக்கின்றது?’ என்று கடலூர் மாவட்டத்தான் எவனும் கேட்கலாகாது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்டோரை வாரிச்சென்றது. தேவனாம்பட்டினத்திலும் பிற கடற்கரைச் சிற்றூர்களிலும் அன்று தாயர் பாடிய ஒப்பாரியை யார் பதிந்து வைத்தோம்? 2011 திசம்பர் 30-இல் வந்த தானே புயல் பண்ணுருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒரு தலைமுறை நட்டு வளர்த்த மரம் ஓரிரவில் வீழ்ந்ததற்கு ஒரு பாட்டு உண்டா?

நெய்வேலியை எண்ணுக. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. நாட்டுக்கு மின்விளக்கு வந்தது. நிலம் கொடுத்த ஊர்கள் பல வரைபடத்தினின்றே மறைந்தன. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின்மீதே மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. செய்தித்தாள் மறுநாள் பழந்தாளாயிற்று. பாட்டு அவ்வாறு பழையதாகாது. புழுதிப்புயலில் நிலமிழந்த அமெரிக்க உழவனைப் பாட அந்நாட்டிற்கு ஒரு பாடகன் இருந்தான். நிலக்கரிக்கு நிலமிழந்த தமிழுழவனைப் பாட நமக்கு ஒருவன் வேண்டாவா? கடலூர்த் தொழிற்பேட்டையின் வேதிக்கழிவு பற்றிய முறையீடுகள் அரசு அலுவலகங்களில் அடுக்கடுக்காய் உள்ளன. பாட்டாகாத முறையீடு கோப்புக்குள்ளேயே உறங்கும்.

இச்செய்திகளைத் திரைப்படம் பாடாது. அதன் முதலீடு பெரிது, அச்சமும் பெரிது. இசையரங்கு பாடாது, அதன் பழக்கம் வேறு. இழப்பதற்கு ஏதுமில்லாத தனிப்பாடகன் ஒருவனே பாடுவான்.

செய்யவேண்டுவன

வெற்றுரை போதும், வேலைக்கு வருவோம். ஒலிப்பதிவுக்கு இன்று ஏழை இளைஞன் சட்டைப்பையிலும் கருவி உண்டு. கைப்பேசி ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். 1982-இல் புகழ்பெற்ற பாடகர்க்கு வாய்த்த நாடாப்பெட்டியினும் பலவகையால் அது மேம்பட்டது. வேண்டுவது அமைதியான அறை. காற்றாடியை நிறுத்துக, சாளரத்தை மூடுக, சுவரில் மோதி ஒலி திரும்பாதவாறு கம்பளியோ தடித்த துணியோ தொங்கவிடுக. கருவியை வாய்க்கு நேராக வைக்காது ஒன்றிரண்டு சாண் தொலைவில் சற்றே ஒதுக்கி வைத்தால் மூச்சுக்காற்று இரையாது. உடுக்கையோ, துந்தனாவோ, கித்தாரோ, ஒன்றே போதும். குரலை அஃது அமுக்கலாகாது. பிழை நேர்ந்தால் மீண்டும் பாடுக. ஆயினும் இழைத்து இழைத்து உயிரைப் போக்கிவிடற்க.

பழம்பாட்டைப் பதிவோர், பாடுபவரிடம் முன்னரே இசைவு பெறுக. அவர் பெயர், ஊர், தொழில், பாட்டை யாரிடமிருந்து கற்றார், பதியும் நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயாற் சொல்லச் செய்க. இரண்டு படி எடுத்து ஈரிடத்தில் வைக்க. வெளியிட்டு வரும்படி வந்தால் முதற்பங்கு பாடியவர்க்கு. எப்பாட்டையும் எந்நிறுவனத்திற்கும் முற்றுரிமையாக எழுதிக் கொடுத்துவிடற்க.

பள்ளியில் தமிழ் கற்பிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் கட்டுரை எழுதி வருக என்று பணிப்பதோடு, தத்தம் பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேட்டுப் பதிந்து வருக என்றும் பணிக்க. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது வீட்டுக் கதவு திறக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் தமிழ்த்துறையும் தம்மைச் சூழ்ந்துள்ள சிற்றூர்ப் பாடகரை ஆண்டுக்கொருமுறையேனும் அழைத்து, பாடச்செய்து, பதிந்து, உரிய ஊதியமும் வழங்குதல் 1941-இன் தொடர்ச்சியாகும். அதன் குறையை நிரப்புதலும் ஆகும். நம் இயக்க மன்றங்கள் தத்தம் ஆண்டுவிழாவில் ஒரு மணிநேரச் சொற்பொழிவைக் குறைத்துத் தனிப்பாடகன் ஒருவனுக்கு அந்நேரத்தை வழங்குக.

இவ்வழியின் குறையையும் மறைத்தல் வேண்டா. தானே பதிந்தவை அனைத்தும் நல்லவை ஆகிவிடா. தடுப்பார் இல்லாததால் குப்பையும் பெருகும். கேட்பார் எண்ணிக்கை தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கதாகவே இருக்கும். அதனால் என்ன? 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் என்றபோது உடன் நின்றோர் எத்துணையர்? 1959-இல் பாவலரேறு பெருஞ்சித்திரனார், அஞ்சல்துறையில் பணிபுரிந்துகொண்டே, இதே கடலூரிலிருந்து ‘தென்மொழி’ இதழைத் தொடங்கியபோது பின்னே பெருமுதலாளி எவர் நின்றார்? எவர் ஒப்புதலுக்கும் காத்திராமல், எழுதியதைத் தாமே அச்சிட்டுத் தாமே பரப்பியதால்தான் இவ்வியக்கம் உயிர்தரித்தது. அன்று அச்சுக்கட்டை செய்த வேலையை இன்று ஒலிப்பதிவு செய்யட்டும். எழுத்தில் நாம் கற்ற தன்னுரிமையைப் பாட்டிலும் நிலைநாட்டுவோம்.

தமிழிளைஞனே! உன் ஊர்க்கு ஒரு பண் உண்டு. உன் பாட்டிக்கு ஒரு பாட்டுத் தெரியும். உன் நெஞ்சில் ஒரு சினமும் இருக்கும். அரங்கம் அழைக்கட்டும் என்று காத்திராதே. படத்தார் தேடி வருவார் என்று ஏங்காதே. பழையதைக் கேட்டுப் பதிந்து வை. புதியதை நல்ல தமிழில் எழுது. கதவைச் சாத்திவிட்டுப் பாடு. பாடி முடித்தபின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடு!